விரல் கேட்டவர்கள்

நவம்பர் 7, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். காப்பி கசக்கிறது. சில நாட்களாகவே கசக்கிறது, இன்றுதான் கேட்டேன்.

"துரை, காப்பித்தூளை மாத்தினியா?"

"அதே கடை, அதே தூளு, அதே பால்காரன். ஒங்க நாக்குதான் மாறிட்டு அத்தான்."

துரை என் மனைவியின் தம்பி. முழுப்பெயர் செல்லத்துரை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காள் அடக்கத்துக்கு வந்தவன் அப்படியே என்னோடு தங்கிவிட்டான். சமையல் அவன் பொறுப்பு. தூளை மாற்றியிருந்தால் அவனுக்குத்தான் தெரியும். அப்படியிருக்க, நாக்கைக் குறை சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

லேசான இருமல். காய்ச்சல் இல்லை. வானிலை அலுவலகத்தில் வேலைக்காலம் முழுவதும் தெர்மாமீட்டர் பார்த்தவன் நான். இதில் மட்டும் எனக்கு என்மேல் சந்தேகம் கிடையாது. காலைப் பலகாரம், முழங்கால் வலி மாத்திரை, சற்று ஓய்வு, பிறகு தெர்மாமீட்டர். இந்த வரிசையை மாற்றியதே இல்லை. 98.2. ஆகவே நோய் இல்லை.

நவம்பர் 8, செவ்வாய்

பியூலா பெங்களூரிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். என் ஒரே மகள். போன் துரையின் கையில்தான் இருக்கும். இன்று மணி அடித்ததும் அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டான். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டையே அதட்டிய குரல் அவனுடையது. அந்தக் குரலைத் தாழ்த்திப் பேசினான். ஜன்னலோரம் நின்றேன். ஒட்டுக்கேட்பது தவறு என்று தெரியும். ஒரு வாக்கியம் மட்டும் விழுந்தது:

"அத்தான் தூங்குதாவம்மா. நல்லா இருக்காவ."

நான் தூங்கவில்லை. ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 9, புதன்

துரை மருந்துக்கடையிலிருந்து ஒரு காகித உறை வாங்கி வந்தான். உள்ளே வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் பாதி, ஒரு காப்ஸ்யூல். எதிலும் பெயர் இல்லை.

"என்ன இது?"

"சளி செட்டு."

"மருந்தோட பேரு?"

"அதான் பேரு. சளி செட்டுன்னா சளி செட்டு. ஊரே தின்னுது, ஒங்களுக்கு மட்டும் ஜாதகம் வேணுமாக்கும்."

அவன் பார்க்க வாயில் போட்டுக்கொண்டேன். ரோஸ் மாத்திரையை மட்டும் தெரியாமல் விழுங்கிவிட்டேன்; மற்றவற்றைக் கன்னத்தில் ஒதுக்கி, கறிவேப்பிலைத் தொட்டியில் துப்பினேன். பிறகு பகல் முழுக்கத் தூக்கம். ரோஸில் என்ன இருந்தது என்று யாரிடம் கேட்பது? துரையிடம் கேட்க முடியாது.

98.4.

நவம்பர் 10, வியாழன்

துரை இன்று என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. 98.4.

நவம்பர் 11, வெள்ளி

குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். துரை ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். அப்போது வலது விலாவில் எங்கோ குத்திவிட்டான் போலிருக்கிறது. மூச்சை இழுத்தால் அந்த இடம் சுருக்கென்கிறது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டான்.

செய்திருக்கவும் கூடும்.

என்னைக் கட்டிலில் கிடத்திவிட்டு, அவன் பீரோவைத் திறந்தான். கண்ணை மூடிக்கொண்டே பார்த்தேன். மேல்தட்டில் கையை விட்டுத் துழாவினான். அங்கேதான் வீட்டுப் பத்திரம் இருக்கிறது. நான் கேட்கவில்லை. கேட்டால் பதிலைத் தயாராக வைத்திருப்பான். கோபக்காரன் அல்ல நான். யாரையும் நேருக்கு நேர் கேட்டுப் பழக்கமும் இல்லை.

பீரோவின் கீல் முன்பு இப்படிச் சத்தம் போடாது. அதையும் மாற்றியிருக்கிறார்கள்.

நவம்பர் 31, சனி

என்னைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். இந்த நாட்குறிப்பைப் பனியனுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

ஆஸ்பத்திரி என்று துரை சொல்கிறான். எனக்குத் தெரியாதா? நீளப் பெஞ்சு. டோக்கன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உள்ளே ஒரு மேஜை, கம்ப்யூட்டர், அதன் பின்னால் ஒரு இளம்பெண், தலையில் முக்காடு. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டியிருக்கிறாள். அது வெளியில் இருப்பவர்கள் பார்ப்பதற்காக.

முதலில் என் விரலைக் கேட்டாள்.

சின்ன மிஷின். வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது, உள்ளே சிவப்பு வெளிச்சம். ரேஷன் கடையில் பச்சையாக இருக்கும், இங்கே சிவப்பு. விரலை வைத்தால் போதும், வீடு கைமாறிவிடும். கையெழுத்துக்கூட வேண்டாம்.

"ஐயா, ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். வலிக்காது. விரலக் கொடுங்க."

இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"அத்தான், கையக் குடுங்கத்தான். பச்சப்புள்ள மாதிரி என்னது இது!"

அவனுக்கு என்ன அவசரம் பாருங்கள்.

பிறகு, பதிவாளர்கள் வழக்கமாகக் கேட்கும் அதே கேள்விகள். உங்க பேர் என்ன? வேதமாணிக்கம். அது சரியாகத்தான் சொன்னேன். இது எந்த இடம்? சொல்ல மாட்டேன் என்றேன். இன்னைக்கு என்ன தேதி? அதில்தான் பொறி இருக்கிறது. பத்திரத்தில் போடும் தேதி அது. சும்மா இருந்தேன். துரையைக் காட்டி, "இவர் யாரு?" என்றாள்.

"சாட்சி" என்றேன்.

துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாட்டிக்கொண்டான் அல்லவா!

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் தந்திரம். "சரிய்யா, விரல் வேண்டாம். நாடி மட்டும் பாத்துக்கிறேன்" என்று மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கண் கடிகாரத்துக்கும் என் நெஞ்சுக்கும் போய்ப் போய் வந்தது. நாடி பார்ப்பவள் நெஞ்சை ஏன் பார்க்க வேண்டும்? நாடி பிடிக்கும் சாக்கில் வேறு எதையோ அளக்கிறாள். கருவிகளோடு வாழ்ந்தவன் நான். அளக்கிற கண்ணை எனக்குத் தெரியும்.

எழுத்து கோணுகிறது. கட்டிலில் போட்டுவிட்டார்கள். மூக்கில்

நவம்பர் 16, புதன்

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அடித்துவிடத் தோன்றியது. அடிக்கவில்லை. நவம்பருக்கு முப்பத்தொன்று போட்டிருக்கிறேன். என் மேலதிகாரி யாராவது உயிரோடு இருந்தால் வெட்கப்படுவார்.

எனக்கு நிமோனியா. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் ட்ரிப்ஸ். இரண்டு வகை ஆன்டிபயாடிக் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. இடையில் இருந்த நாட்களில் என்னென்ன பேசினேன் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஒரு நர்ஸ் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் விரலை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

பியூலா வந்திருக்கிறாள். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவள், மறு பக்கம் துரை. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

நவம்பர் 17, வியாழன்

டாக்டரின் பெயர் ரஹ்மத் நிஷா. பக்கத்து மேலப்பாளையத்துப் பெண். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இடது நுரையீரல் கறுப்பாக இருக்கிறது, அதுதான் காற்று. வலது பக்கத்தின் அடிப்பகுதி வெள்ளையாக, மேகம் இறங்கியது மாதிரி. அந்த இடத்தில் காற்றுக்குப் பதிலாக நீரும் சீழும். மூச்சிழுக்கும்போது குத்தியதும் அதுதானாம். துரையின் கை இல்லை.

"காய்ச்சலே இல்லையே டாக்டர். தினமும் பார்த்தேன்" என்றேன்.

"எப்பப் பாப்பீங்க?"

வரிசையைச் சொன்னேன். பலகாரம், முழங்கால் மாத்திரை, ஓய்வு, தெர்மாமீட்டர். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவள் சிரிக்கவில்லை, அது பெரிய மனசு.

"அந்த மாத்திரை பாரசிட்டமால் ஐயா. வலியோட காய்ச்சலையும் எறக்கிரும். மாத்திரைக்கு முன்னாடி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். உங்க வயசுல சில பேருக்கு நிமோனியா வந்தாலும் காய்ச்சலே வராது. பசி போயிரும், தள்ளாட்டம் வரும், பேச்சு மாறும். வீட்டுல எல்லாரும் வயசாயிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

மழைமானியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மழை இல்லை என்று எழுதியவன் நான்.

"நாடி பார்க்கிறேன் என்று சொல்லி என்ன அளந்தீர்கள்?" என்று கேட்டேன். இவ்வளவு நேராக நான் யாரையும் கேட்டதில்லை.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று இப்போது சிரித்தாள். "மூச்சை எண்ணினேன். எண்ணப் போறேன்னு சொன்னா யாரும் இயல்பா மூச்சு விடமாட்டாங்க. அதான் கையப் பிடிச்சிட்டு நெஞ்சப் பாப்போம். நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல போச்சு உங்களுக்கு. புத்தி தடுமாற்றம், மூச்சு வேகம், வயசு. இந்த மூணும் சேர்ந்தா வீட்டுக்கு அனுப்ப முடியாது. அப்பவே அட்மிஷன் போட்டேன்."

பியூலா குறுக்கே கேட்டாள்: "இது எங்கேர்ந்து வந்துச்சு டாக்டர்? வேற ஆஸ்பத்திரிக்கு ஏதும் கூட்டிட்டுப் போயிருந்தாங்களா?" கேட்டது டாக்டரிடம், பார்த்தது துரையை.

"இல்லம்மா. வெளியில, வீட்டுல இருக்கும்போதே தொத்துறதுதான் இது. ஆஸ்பத்திரியில தொத்துறது வேற ரகம், மருந்தும் வேற. ஆனா ஒண்ணு கேக்கணும். இங்க வர்றதுக்கு முன்னாடி இவருக்கு என்ன மருந்து குடுத்தீங்க?"

துரை தரையைப் பார்த்தான். "சளி செட்டும்மா."

"அது எனக்கு உதவாதுங்க ஐயா" என்றாள் டாக்டர். "அதுல தூக்க மருந்து மாதிரி ஒண்ணு இருந்திருக்கும். தடுமாற்றத்தக் கூட்டிருக்கும்."

ரோஸ். நான் சொல்லவில்லை.

நவம்பர் 18, வெள்ளி

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். விரல் கிளிப்பை நானே மாட்டிக்கொண்டேன், ஆக்சிஜன் 95.

புத்தி தெளிந்தது நல்லதுதான். ஆனால் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. நான் சந்தேகப்பட்டவற்றில் எவை நோயுடையவை, எவை என்னுடையவை? காப்பிக் கசப்பு நோய். விலாவில் குத்து நோய். பீரோ கீல் பற்றி எழுதியதைப் படித்தால் எனக்கே அச்சமாக இருக்கிறது. பீரோவில் துரை தேடியது பென்ஷன்காரர்களுக்கான மருத்துவ அட்டையை. அது இப்போது கட்டிலோரம் இருக்கிறது.

எதிலும் அடங்காமல் ஒன்று மட்டும் நிற்கிறது. "அத்தான் தூங்குதாவம்மா." அப்போது என் புத்தி நன்றாகத்தான் இருந்தது. தேதியும் சரியாகப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 19, சனி

பியூலா சாப்பிடக் கீழே போன நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"துரை, நான் முழிச்சிருக்கும்போது தூங்குறேன்னு ஏன் சொன்னே?"

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"கேட்டுட்டு இருந்தியளாக்கும்."

"கேட்டேன்."

"பேசுனா ஒங்களுக்கு இருமல் வருது. ஒரு பேச்சு சொல்லிட்டு மறு பேச்சு வேற எங்கயோ போவுதிய. அவ ஒங்க குரலக் கேட்டான்னா அன்னைக்கே ரயில் ஏறிருவா. போன வருசம் நீங்க வழுக்கி விழுந்தப்பவே என்ட்ட சொல்லிட்டா. 'மாமா, இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா அப்பாவ பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்'ன்னு. அதான் தூங்குதாவன்னேன்."

"எத்தனை நாள் சொன்னே?"

"எல்லா நாளும்."

சுளையை என் கையில் வைத்தான். நான் வாங்கிக்கொண்டேன், தின்னவில்லை.

"நான் செத்திருப்பேன் துரை."

"தெரியும். டாக்டரம்மா தனியாக் கூப்புட்டு ஏசிட்டாவ. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா அக்கா பக்கத்துலயே எடம் பாத்திருக்கணும்னு நானே கணக்குப் போட்டுட்டேன்." விதையைக் குப்பைக் கூடையில் எறிந்தான். "சளின்னுதான் நெனச்சேன் அத்தான். நீங்க கண்டதையும் பேசவும் சரி, மூள கலங்கிட்டு, இதுக்கு மருந்து கெடையாது, மறைச்சு வச்சுக்கிடுவோம்னு நெனச்சேன். நீங்க போயிட்டா நான் யாருட்ட சண்ட போட?"

வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறான் என்று நினைத்தேனே, அவன் எடுத்து ஒளித்து வைத்தது வீட்டை இல்லை, என்னை. இதற்காக நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். நெகிழ்ந்தேன் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. அடுத்த முறையும் இவன் இதையேதான் செய்வான் என்று என் மனது சொல்கிறது. இந்தச் சந்தேகம் நோயில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

டிஸ்சார்ஜ். இன்னும் சில நாட்களுக்கு மாத்திரை. பாதியில் நிறுத்தக் கூடாது, நன்றாகிவிட்டது போலத் தோன்றினாலும். ஆறு வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே. அந்த வெள்ளை முழுதாக விலகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். விலகாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

பியூலா டாக்டர் முன்னாலேயே ஆரம்பித்தாள். "அப்பா, உங்களுக்கு எப்ப ஆரம்பிச்சது? உண்மையச் சொல்லுங்க."

துரை மருந்துப் பையின் முடிச்சை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வந்தோம் அல்லவா? அதற்கு எது பொருந்துமோ அது வந்தது.

பியூலா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் எக்ஸ்ரே உறையைப் பார்த்தாள். பொய்யென்று மூன்று பேருக்கும் தெரியும். என்னையும் சேர்த்தால் நான்கு.

"டாக்டர், தூரத்துல இருந்து ஒருத்தரோட மூச்ச நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? இவங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாது" என்றாள் என் மகள்.

டாக்டர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். முழு மூச்சு இழுத்துக்கொண்டு, அதே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்ல வேண்டும். எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நாளுக்கு நாள் ஏறினால் நல்லது. சட்டென்று குறைந்தால் உடனே வர வேண்டும். "இது மிஷினுக்கு ஈடாகாது. ஆனா போன்ல கேக்கலாம்."

அங்கேயே எண்ண வைத்தாள். பதினெட்டு.

நவம்பர் 27, ஞாயிறு

பியூலா இன்று ஊருக்குப் போகிறாள். கிளம்புமுன் எங்கள் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்தாள். பள்ளிக்கூட டீச்சர் அவள்.

"தினமும் சாயங்காலம் கூப்பிடுவேன். அப்பாதான் எடுக்கணும். தூங்குறாங்க, குளிக்கிறாங்க, கோயிலுக்குப் போயிருக்காங்க, எதுவும் கேக்க மாட்டேன். எண்ணணும். பதினஞ்சுக்குக் கீழ போச்சுன்னா வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அதுக்கப்புறம் பேச்சே கெடையாது. புரிஞ்சுதா மாமா?"

"அப்பாவ எண்ணச் சொல்லிட்டு என்னைய ஏன் மொறைக்க?" என்றான் துரை.

நேற்று இருபத்து மூன்று.

நவம்பர் 29, செவ்வாய்

இருபத்தைந்து. அதில் ஒரு சங்கடம். பதினெட்டு சொல்லும்போது அடுக்களையில் பாத்திரம் உருண்டது. நானும் அந்தச் சத்தத்தில் என்னையறியாமல் மூச்சு இழுத்துவிட்டேன்.

"என்ன சத்தம் அது?" என்றாள் பியூலா.

"பூனைம்மா" என்று உள்ளிருந்து குரல்.

"நம்ம வீட்டுல எப்பேர்ந்து பூனை?"

போனை வைத்ததும் அடுக்களைக்குப் போனேன். துரை கரண்டியும் சட்டியுமாக நின்றான்.

"நடுவுல ஒரு மூச்சு வாங்கிக்கிடுங்க அத்தான், நான் உருட்டுதேன். யாருக்குத் தெரியப்போவுது?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இருமல் இல்லையே, இன்று தேவையும் இல்லையே என்று நினைத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 2, வெள்ளி

காலையிலிருந்து இருமல். மதியம் சோறு இறங்கவில்லை. முழங்கால் மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டாள், வலியைப் பொறுத்துக்கொள்கிறேன். தெர்மாமீட்டர் 100.

ஒருவேளை வெறும் சளிதான். ஒருவேளை மழைக் குளிர். எனக்கு எதையும் அடித்துச் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் போன் அடித்தது. துரை எனக்கு முன்னால் அடுக்களைக்குள் போய்விட்டான். கதவு திறந்திருந்தது, சட்டியும் கரண்டியும் தயாராக, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எண்ணுங்கப்பா."

ஒன்று, இரண்டு. பத்து வரை சிரமமில்லை. பதினொன்றில் குரல் மெலிந்தது. பதிமூன்றில் நெஞ்சு காலியாகிவிட்டது. துரை கரண்டியை ஓங்கினான். அவன் முகத்தில் கெஞ்சல்.

நான் தலையை அசைத்தேன். கரண்டி அப்படியே நின்றது.

"பதிமூணும்மா. அதுக்கு மேல இல்ல" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, "மாமாகிட்டக் குடுங்க."

துரை சட்டியைக் கீழே வைத்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினான். எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பேசினான்.

"பியூலா, மாமா பேசுதேன். காலையிலேர்ந்தே இருமுதாவ. மத்தியானம் ஒரு கை சோறுகூட எறங்கல. சூடு நூறு இருக்கு, நானும் பாத்தேன். இப்பவே டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போறேன். நீ வாறதுன்னா வா."

போனை மேஜைமேல் வைத்தான்.

"சட்டையப் போடுங்க அத்தான்" என்றான்.